பள்ளி உளவியலாளர் கூப்பிட்டால்

வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையின் பள்ளிப் பையைக் கவிழ்த்தால் மதியச் சாப்பாட்டு டப்பா, ஒற்றைக் கையுறை, பாதி தின்ற பிஸ்கட் இவற்றோடு நாலாக மடித்த ஒரு தாளும் விழும். ஒஹாயோ மாநிலத்தில் அந்தத் தாளின் தலையில் சில சமயம் ‘பி.ஆர்-05’ என்று இருக்கும். உங்கள் பிள்ளையை மதிப்பிட உங்கள் சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் சிலர் அதைப் பார்த்ததும் பயந்துபோய் அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். சிலர் ‘பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களே’ என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

‘சைக்காலஜிஸ்ட்’ என்றதும் நம் மனம் மாத்திரை, ஆஸ்பத்திரி, ஊர் வாய் என்று ஓடுகிறது. பள்ளி உளவியலாளர் மாத்திரை எழுதித் தருபவர் அல்லர். எழுத்துக் கூட்ட ஏன் திணறுகிறான், கவனம் ஏன் நிற்கவில்லை, வகுப்பில் ஏன் வாயே திறப்பதில்லை என்று பார்த்து, அதற்குப் பள்ளி என்ன செய்யலாம் என்று சொல்வது அவர் வேலை.

அமெரிக்காவில் இந்தப் பதவிப் பெயரோடு முதலில் வேலை பார்த்தவர் ஆர்னால்டு கெசல். 1915இல் கனெக்டிகட் மாநிலம் அவரை அமர்த்தியது. மாநில அளவில் இவர்களுக்கென்று முதல் சங்கம் 1943இல் ஒஹாயோவில் பிறந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் அந்நாளில் முனைவர் பட்டக்காரர்களின் இடம். பள்ளி பள்ளியாக அலைந்தவர்களோ பெரும்பாலும் முதுகலையோடு வேலைக்கு வந்தவர்கள். ஒஹாயோக்காரர்கள் 1968இல் கொலம்பஸ் நகரில் மற்ற மாநிலத்தவரையும் கூட்டிப் பேசினார்கள். மறு ஆண்டே செயின்ட் லூயிஸில் பள்ளி உளவியலாளர்களுக்கான தேசியச் சங்கம் உருவானது. ஒஹாயோவின் மாநிலச் சங்கம் இன்றும் பயிற்சி நடத்துகிறது, தொழில் நெறிகளைக் கற்பிக்கிறது, சட்டமன்றத்தில் தன் தரப்பைச் சொல்கிறது. உங்கள் பள்ளி மீதான புகாரை விசாரிக்கும் மன்றம் அதுவன்று. அங்கே எழுதி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் என்பது தேசியச் சங்கம் சொல்லும் அளவு. நாட்டின் சராசரி அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நீங்கள் போனில் சொன்னதை அவர் மறந்துபோனால் ஆச்சரியமில்லை. அதனால்தான் எதையும் எழுத்தில் கேளுங்கள் என்கிறேன்.

மதிப்பீட்டுக்காக வைக்கும் சோதனைகளால் பிள்ளைகளுக்குக் கேடு நேர்ந்ததும் உண்டு. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் உட்காரவைத்தார்கள். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் தனி வகுப்புக்கென்று வைத்திருந்த மதிப்பெண் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். ‘டயானா’ வழக்கு என்று பெயர். 1970இல் சமரசத்தில் முடிந்தது. கறுப்பினப் பிள்ளைகளை அப்படி ஒதுக்கியதை எதிர்த்து நடந்த ‘லாரி பி.’ வழக்கில் 1979இல் நீதிபதி பெக்கம், ஐ.க்யூ. மதிப்பெண்ணை வைத்து அவர்களை அந்த வகுப்புகளுக்கு அனுப்பக் கூடாது என்று தடுத்தார். இதற்கிடையே 1975இல் வந்தது ஊனமுற்ற பிள்ளைகளுக்கான கூட்டாட்சிக் கல்விச் சட்டம்.

அந்தச் சட்டம் நமக்குத் தருவது சாதாரணமல்ல. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுகட்டக் கூடாது. பிள்ளைக்குப் பழகிய மொழியில் சோதிக்க வேண்டும். அது முடியவே முடியாது என்றால்தான் விலக்கு. ஆங்கிலம் போதவில்லை என்பதே காரணமாக ஒரு பிள்ளையைக் குறைபாடுள்ளவர் பட்டியலில் சேர்க்க முடியாது. இதன் மறுபக்கமும் உண்டு. ‘வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான் தாமதம், ஒரு வருஷம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் பள்ளிகள் இருக்கின்றன. கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம் என்று சொல்லி மதிப்பீட்டைத் தாமதப்படுத்தக் கூடாது என்று 2011இலேயே கூட்டாட்சிக் கல்வித் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இரண்டு மொழி பேசுவதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தமிழை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள்.

பள்ளி கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மதிப்பீடு வேண்டுமென்று நீங்களே கேட்கலாம். ஒஹாயோவில் உங்கள் கோரிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பள்ளி சம்மதப் படிவத்தில் உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும், அல்லது மறுப்பதன் காரணத்தை எழுதித் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். மதிப்பிடச் சம்மதித்ததால் சிறப்புக் கல்வியில் சேர்க்கச் சம்மதித்ததாக ஆகாது. அதற்குத் தனிக் கையெழுத்து. கூட்டத்தில் பேசுவது புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், செலவு பள்ளியுடையது.

அறிக்கையில் உடன்பாடில்லையா? வெளியிலிருந்து ஒருவரை வைத்து, பள்ளி மாவட்டத்தின் செலவில், மறுமதிப்பீடு கேட்கலாம். அவர்கள் பணம் கட்ட வேண்டும். இல்லையேல் தங்கள் மதிப்பீடு சரியென்று விசாரணைக்குப் போய் நிரூபிக்க வேண்டும். சட்டம் மீறப்பட்டால் ஓராண்டுக்குள் மாநிலக் கல்வித் துறையிடம் புகார் எழுதலாம். 60 நாளில் முடிவு வர வேண்டும். கட்டணமில்லாத சமரசப் பேச்சு உண்டு. கடைசி வழி முறைப்படியான விசாரணை. அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம்.

விசா பயம்தான் நம்மவர் பலரின் வாயைக் கட்டுகிறது. குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளிப் படிப்பை மறுக்க முடியாது என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பள்ளிப் பதிவேடுகளை, சட்டம் விலக்களித்த சில இடங்களைத் தவிர, உங்கள் அனுமதியின்றி வெளியே கொடுக்கக் கூடாது. நீங்கள் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும்.

கடிதம் நாலு வரி போதும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, நீங்கள் கவனித்த இரண்டு மூன்று சங்கதி, ‘சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டுகிறேன்’ என்ற ஒரு வாக்கியம். தலைமை ஆசிரியருக்கும் உளவியலாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். தேதி போட மறந்துவிடாதீர்கள். கடிதம் பள்ளிக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் அந்த 30 நாள் ஓடத் தொடங்குகிறது.