தண்ணீர் நின்றது, பாலம் நிற்கிறது

இன்னைக்கு ஒரு பாலத்தைப் பத்திப் பேசலாம். தெற்கு பிரான்ஸில் கார்தோன் ஆற்றின் மேல், மூன்று அடுக்கு வளைவுகளோடு நிற்கிற ‘போன் டு கார்’. பேர் தெரியாட்டியும் படம் கண்ணில் பட்டிருக்கும். உயரம் கிட்டத்தட்ட 49 மீட்டர், பதினாறு மாடி அபார்ட்மெண்ட் அளவு. ரோமானியர்கள் கட்டிய தொட்டிப்பாலங்களிலேயே இதுதான் உயரமானது.

ஆனா ஒரு விஷயம். இந்தப் பாலம் ஒரு முழுப் பொருளே கிடையாது. உஸெஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் ஊற்றிலிருந்து நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன, சுமார் 50 கிலோமீட்டர் கால்வாயில் இது வெறும் 275 மீட்டர். கணக்குப் போட்டா அரை சதவீதம் சொச்சம். மிச்சம் 99 சதவீதம் என்ன ஆச்சு, இது மட்டும் எப்படித் தப்பிச்சது? எனக்கு ஆர்வம் வந்ததே இந்தக் கேள்வியில்தான்.

முதல்ல, ஏன் கட்டினாங்க? நீம் நகரத்துக்குன்னு சொந்தமா ஓர் ஊற்று ஏற்கெனவே இருந்தது. ஆக, தாகத்துக்காக மட்டும் கட்டியதில்லை. பொதுக் குளியலறைகள், நீரூற்றுகள், வசதியானவர்கள் வீட்டுக்குக் குழாய் இணைப்பு என்று ஒரு ரோமானிய நகரத்துக்கு வேண்டிய அந்தஸ்து அது. ஒரு நாளைக்கு 4 கோடி லிட்டர் வரை வந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பாதி தேவைக்கு, பாதி கெத்துக்குன்னு நான் சொல்வேன்.

ஊற்றுக்கும் நகரத்துக்கும் நேர்கோட்டில் பார்த்தால் 20 கிலோமீட்டர்தான். நடுவில் குன்றுகள் இருப்பதால் சுற்றிச் சுற்றி 50 ஆகிவிட்டது. பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாக இறங்கிப் போகணும். இங்கதான் தலை சுத்தும். அந்த 50 கிலோமீட்டருக்கும் சேர்த்து மொத்த இறக்கம் சுமார் 12.6 மீட்டர். சராசரியா ஒரு கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், ஸ்கூல் ஸ்கேலைவிடக் கொஞ்சம் கம்மி. பாலத்தின் மேல் ஓடும் பகுதியில், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உயர வித்தியாசம் 2.5 சென்டிமீட்டர்தான். நம்ம வீட்டு பாத்ரூம்ல தண்ணி வாட்டம் சரியா வரலைன்னு கொத்தனாரோட சண்டை போடுறோம் இல்லையா? அதே வாட்டத்தை இவங்க 50 கிலோமீட்டருக்குப் பார்த்திருக்காங்க. கையில் இருந்தது ரசமட்டம் மாதிரியான மரக்கருவிகளும் பொறுமையும்.

முன்பெல்லாம் இதை கி.மு. 19-ஐ ஒட்டி, பேரரசர் அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா கட்டினார் என்று சொல்வார்கள். அகழாய்வுகளுக்குப் பிறகு கி.பி. 40-க்கும் 60-க்கும் இடைப்பட்ட காலம் என்கிறார்கள். கல் எல்லாம் பக்கத்திலேயே, ஆற்றோரக் குவாரியில் வெட்டிய சுண்ணாம்புக்கல். பெரிய கற்கள் 6 டன் வரை இருக்கும். கீழ் இரண்டு அடுக்குகளில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்தே இல்லை. எந்தக் கல் எங்கே உட்காரணும் என்று சில கற்களில் குறித்து வைத்திருக்கிறார்கள், ‘முன்பக்கம், இடது, 3’ என்கிற மாதிரி. பெட்டியில் வாங்குற கட்டில், அலமாரியில் ஒட்டியிருக்கிற நம்பர் மாதிரிதான். சாரம் கட்ட நீட்டி விட்ட கற்களைக்கூட வேலை முடிந்ததும் செதுக்கிவிடவில்லை. இன்னைக்கும் சுவரில் துருத்திக்கிட்டு நிக்குது.

இவ்வளவு கச்சிதமா கட்டின நீர்வழியை எது முடிச்சு வெச்சது தெரியுமா? பூகம்பம் இல்லை, போர்கூட முழுக் காரணம் இல்லை. சுண்ணாம்பு.

அந்த ஊற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். கீசர் காயில்ல, பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுமே, அதேதான். கால்வாயின் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர். படிவு சில இடங்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் அரை மீட்டர் வரை ஏறியிருக்கிறது. ரெண்டு பக்கமும் சேர்த்தா எவ்வளவு வழி மிஞ்சும்னு நீங்களே பாருங்க. இதோடு மரவேர்கள் உள்ளே புகும், கசிவு வரும், மண் சரியும். இதையெல்லாம் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு நிர்வாகம் வேண்டும். 4-ம் நூற்றாண்டுக்குப் பிறகு ரோமானிய நிர்வாகம் தளர்ந்தபோது, சுத்தம் செய்கிற வேலையும் தளர்ந்தது. தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, 6-ம் நூற்றாண்டு வாக்கில் நின்றுபோயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

தண்ணீர் நின்ற பிறகு நீர்வழி வெறும் கல். பக்கத்து ஊர்க்காரர்கள் பிரித்து எடுத்துப்போய் வீடும் தேவாலயமும் கட்டினார்கள். கால்வாயை அடைத்த அந்தச் சுண்ணாம்புப் படிவையே பாளம் பாளமாக வெட்டிக் கட்டடக் கல்லாக்கியிருக்கிறார்கள். கோபப்படத் தோணும்தான். எனக்குத் தோணலை. ஓடாத கால்வாயை அவங்க எதுக்குக் காப்பாத்தணும்?

ஆற்றின் மேல் இருந்த துண்டுக்கு மட்டும் வேறொரு வேலை கிடைத்தது. ஆற்றைக் கடக்க அது உதவியது. இடைக்காலத்தில் சுங்கம் வசூலிக்கிற பாதையாக இருந்ததால், அதை விழாமல் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் காரணம் இருந்தது. அதே பயன்பாடுதான் அதைச் சாகடிக்கவும் பார்த்தது. நடக்க இடம் போதவில்லை என்று இரண்டாம் அடுக்குத் தூண்களின் ஒரு பக்கத்தைக் குடைந்துவிட்டார்கள். 1620-களில் ரோஹான் பிரபுவின் படை பீரங்கிகளை இழுத்துப்போகத் தூண்களின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டப்பட்டது. 49 மீட்டர் உயரக் கட்டடம், இடுப்பில் வெட்டு வாங்கிக்கொண்டு நின்றது! 1700-ஐ ஒட்டித்தான் அதை அடைத்தார்கள். பிறகு 1743-க்கும் 1747-க்கும் இடையில் ஆன்றி பீடோ என்கிற பொறியாளர், கீழ் அடுக்கை ஒட்டித் தனியாக ஒரு சாலைப்பாலம் கட்டிக் கொடுத்தார். ரோமானிய முகப்பை ஒரு பக்கம் மறைச்சிடுச்சுன்னு அதைத் திட்டுறவங்க உண்டு. எனக்கென்னவோ, இந்த ரெண்டாயிரம் வருஷக் கதையில் பழைய பாலத்துக்கு நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒண்ணு. பாரம் புதுப் பாலத்துக்குப் போனது.

அதிகாரபூர்வப் பாதுகாப்பு அதற்கும் பிறகுதான். 1840-ல் பிரான்ஸ் வெளியிட்ட முதல் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இடம் பிடித்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1855 முதல் 1858 வரை பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். 1985-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். வாகனங்களை முழுசா நிறுத்தி, கடைகளை ஒதுக்கி, அருங்காட்சியகம் கட்டி இடத்தைச் சீரமைத்தது 2000 வாக்கில். ரெண்டே வருஷத்தில், 2002 செப்டம்பரில் பெருவெள்ளம் வந்தது. சுற்றிலும் புதிதாகச் செய்த வசதிகள் சேதமாயின. பாலம் அசையலை.

மேல் அடுக்கில் 47 வளைவுகள் இருந்தன, இப்போது 35. அதற்கு மேலே ஓடுகிற கால்வாய்க்குள் வழிகாட்டியோடு நடந்துபோகலாம். பிரான்ஸ் பக்கம் போற யோகம் இருந்தா, கீழே நின்னு செல்ஃபி எடுத்ததோட திரும்பிடாதீங்க. உள்ளே போய்ப் பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்க. சொரசொரன்னு தடிமனா கையில் படுறது ரோமானியர் வெச்ச கல் இல்லை, யாரும் சுரண்டாம விட்ட சுண்ணாம்பு.

சரி, இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.