இனாம்: கப்பல் பந்தியும் கல்வராயன் மலையும்

"முள்கரண்டி எந்தப் பக்கம், கத்தி எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தூக்கத்துலயும் தெரியணும். ஆனா அந்த மேசையில நாங்க உக்கார முடியாது, அண்ணே." சின்னசேலத்துத் தம்பி ஒருவர் சொன்னது இது. கேட்டரிங் படித்துவிட்டுப் பெரிய பயணிகள் கப்பலொன்றில் பரிமாறுபவர். விடுமுறையில் வந்திருந்தார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம். உடை, பந்தி, டிப்ஸ் மூன்றும் வேறு வேறு விஷயங்கள் அல்ல என்பது அந்தப் பேச்சில்தான் எனக்குப் பிடிபட்டது.

அட்லாண்டிக்கைக் கடக்கும் பழைய மரபில் இன்றும் ஓடுவது குயின் மேரி 2. 2004-ல் ஓட்டத்துக்கு வந்த கப்பல். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் பெரும்பாலும் ஏழு இரவுகள். மாலை ஆறு மணிக்குமேல் உடைவிதி உண்டு. விசேஷ இரவுகளில் ஆண்களுக்குக் கறுப்பு டின்னர் ஜாக்கெட் அல்லது அடர்நிறக் கோட்டு சூட்டு, கழுத்தில் டை. விருப்பமில்லாதவர் பஃபே பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பந்தி என்பதை உடை தீர்மானிப்பதில்லை. விலையுயர்ந்த சொகுசு அறைக்காரர்களுக்குக் 'கிரில்' என்ற தனி உணவகங்கள், பெரும்பான்மையோருக்குப் 'பிரிட்டானியா'. டிக்கெட் வாங்கும்போதே இலை போட்டாகிவிட்டது. எல்லோரும் ஒரே கறுப்புக் கோட்டில் உலவுவதால் இந்தப் பிரிவினை கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

1888-ல் பம்பாயிலிருந்து கப்பலேறிய காந்தி, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், எதில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் கூசி, கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்றார். இறங்கும்போது போடுவதற்கென்று பத்திரப்படுத்திய வெள்ளை ஃபிளானல் உடையில் செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் இறங்கினால், அங்கே வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். யாரும் அவரைத் தடுக்கவில்லை, திட்டவில்லை. ஃபூக்கோ சிறையையும் பள்ளியையும் பற்றிச் சொன்னதுதான் இது: உடல் தன்னைத்தானே கண்காணிக்கத் தொடங்கிவிட்டால் காவலாளி தேவையில்லை.

இங்கே காவலாளி உண்டு. 2014 ஜூலையில் வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டது. வேகம் நல்லதுதான். ஆனால் ஊர்த்தெருவில் தலித் ஒருவர் செருப்புப் போட்டு நடப்பதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுத 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேட்டிக்கு ஒரு மாதம், செருப்புக்கு எத்தனை தலைமுறை?

டிப்ஸுக்கு வருகிறேன். கப்பல்களில் அதை இப்போது கையில் திணிப்பது குறைவு. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு டாலர் என்று பயணியின் கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். சொகுசு அறைக்குக் கொஞ்சம் அதிகம். பயணிக்குப் பிடிக்கவில்லை என்றால் பல கம்பெனிகளில் வரவேற்பு மேசையில் சொல்லிக் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். "சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் அவர் முகத்தையே பாத்துக்கிட்டிருப்போம்" என்றார் தம்பி. சம்பளத்தின் ஒரு பகுதி முதலாளியின் கடனாக இல்லாமல் விருந்தாளியின் தயவாக மாறிவிடுகிறது. கூலியைக் கணக்குப் போட்டுக் கேட்கலாம், தயவைச் சிரித்துத்தான் வாங்க வேண்டும். கப்பல் எந்தக் கொடியின் கீழ் ஓடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் பிரதானம். குயின் மேரி 2 தன் பதிவை 2011-ல் சவுத்தாம்ப்டனிலிருந்து பெர்முடாவுக்கு மாற்றிக்கொண்டது. நடுக்கடலில் கல்யாணம் செய்துவைக்க வசதி என்று காரணம் சொன்னார்கள்!

தயவு என்பதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: இனாம். அரபியிலிருந்து வந்தது. தீபாவளிக்குக் கேட்பதும் இனாம், அரசன் கொடுத்த நிலமும் இனாம். டீக்கடையிலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை. மலையாளிப் பழங்குடிகளின் அந்த மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குத் தயவாகக் கொடுத்தது, அதற்கும் கீழே இருந்தவன் தலையில் வரியாகவும் கூலியில்லா வேலையாகவும் இறங்கியது. இனாம் ஒழிப்புச் சட்டம் 1963-ல் வந்தது, மலை முழுதாக அரசின் கைக்கு வந்ததோ 1976-ல். தயவை ஒழிப்பது அத்தனை லேசில்லை.

2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்றது. சாப்பிடுகிறவரின் உரிமையை அது பேசியது. பரிமாறுகிறவரின் சம்பளம் அதன் வேலையில்லை.

அப்படியானால் டிப்ஸே கூடாது என்று எழுதலாமா என்றேன்.

"அப்படி எழுதிடாதீங்கண்ணே. வீட்டுக்கு மேல்தளம் போட்டதே அந்தக் காசுலதான். அதையும் சம்பளச் சீட்டுல சேத்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பேங்க்ல லோன் கேட்டா அந்தச் சீட்டத்தான் பாக்குறான்."