பொட்டலத்துக்குள் ஒரு பொம்மை

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சாக்லேட்டும் மிட்டாயும் பெரும்பாலும் நாலு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில்தான் இருக்கும். வரிசையில் நிற்கும்போது பிள்ளை அடம் பிடித்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். நம்முடைய அந்தக் கூச்சம்தான் கடைக்காரர்களுக்கு வியாபாரம்.

எது தேவை, எது ஆசை என்று சொல்லித் தருவது வீட்டின் வேலைதான். கடைக்குப் புறப்படும் முன் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்தே எழுதலாம். அழிரப்பர் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். அது பர்கர் வடிவத்தில் இருக்க வேண்டும், மணக்க வேண்டும் என்பது ஆசை. ஆசைப்படுவதைக் குற்றமாக்க வேண்டாம். "அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வேணும்னு தோணினா பார்க்கலாம்" என்றால் போதும், பாதி ஆசைகள் அதற்குள் மறந்துபோகும். காசு இருக்கும்போது இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மறுநாள் வீட்டுக்கு வரும் புது செல்போன் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ஏழெட்டு வயது வரை பல பிள்ளைகளுக்கு, விளம்பரம் என்பது தம்மை வாங்க வைக்கச் செய்யும் வேலை என்பதே பிடிபடாது. அங்கே சட்டம் துணைக்கு வருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, "வாங்கு" என்றோ "அம்மாவிடம் சொல்லி வாங்கு" என்றோ விளம்பரம் குழந்தையை நேரடியாகத் தூண்டக்கூடாது. அந்தப் பொருள் இல்லாத பிள்ளை மட்டம் என்று காட்டக்கூடாது. தகுந்த ஆதாரமில்லாமல், குடித்தால் அறிவு வளரும் என்று சொல்லக்கூடாது. குழந்தைகளுக்கான சேனல்களில் சிப்ஸ், குளிர்பான விளம்பரங்களுக்கு இடமில்லை. பொம்மை இலவசம் என்று ஆசைகாட்டித் தேவையில்லாததை வாங்க வைப்பதை மட்டும், ஊக்குவிக்கக்கூடாது என்ற அளவில் விட்டிருக்கிறார்கள். இது போதாது என்பது என் எண்ணம். பிள்ளைகள் அதிகம் விழுவது அங்கேதான்.

தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று உறுதியானால் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் ஆணையம் அபராதம் விதிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலமாகவும் புகார் தரலாம். விளம்பரத்தைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு, எந்தச் சேனல், எந்த நாள், எத்தனை மணி என்று குறித்துக் கொடுத்தால் புகாருக்கு வலு கூடும்.