மாசம் 60 ரூபாய் கரண்டுக்கு மல்லுக்கட்டு!

மின்சார ஸ்கூட்டர் வாங்கியாச்சு, 'பிளக்' எங்கே?
குடித்தனக்காரர்கள் திண்டாட்டம்
ஜன்னல் வழியே ஒயர் தொங்கவிட்டால் உயிருக்கே உலை

சென்னை:

ஆபீசுக்கு நாலு கிலோமீட்டர். திரும்பி வர நாலு கிலோமீட்டர். நடுவில் ரேஷன் கடை, பிள்ளையின் டியூஷன், பால் பாக்கெட்.

நகரத்தில் முக்கால்வாசிப் பேரின் வண்டி ஓடுவது இவ்வளவுதான். இந்தச் சின்ன ஓட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வந்திருப்பதுதான் மின்சார ஸ்கூட்டர். புகை கிடையாது, கிக்கர் உதை கிடையாது, பங்க்கில் கியூ கிடையாது.

பச்சை நம்பர் பிளேட் மாட்டிய வண்டி இன்று தெருவுக்குத் தெரு ஓடுகிறது. மாம்பலத்தில், திருவல்லிக்கேணியில், குரோம்பேட்டை ஸ்டேஷன் ஸ்டாண்டில், எங்கே பார்த்தாலும் நாலைந்து நிற்கிறது.

ஆனால் ஒன்று!

வண்டியை ஓட்டுவதில் தகராறு இல்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகுதான் தகராறு ஆரம்பிக்கிறது.

"எங்க வீட்டு மீட்டர்ல சார்ஜ் போடாதீங்க!"

வாடகை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் வசனம் இதுதான்.

அப்படி என்னதான் கரண்டு குடிக்கிறது இந்த வண்டி? கணக்கைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்!

பென்சிலை எடுங்கள்!

மூன்று யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள ஸ்கூட்டர், நகரத் தெருவில் சுமார் 90 கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் போடும்போது கொஞ்சம் கரண்டு சூடாகவே வீணாகும். அதையும் சேர்த்தால் சுவரில் இருந்து இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு சுமார் 28 கிலோமீட்டர்.

தினம் 8 கிலோமீட்டர். மாதம் 25 நாள். மொத்தம் 200 கிலோமீட்டர்.

அதற்கு வேண்டியது ஏழு யூனிட் சில்லறை. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கறாராகவே போட்டாலும் மாதம் 60 ரூபாய் வராது!

இதே 200 கிலோமீட்டரைப் பெட்ரோல் ஸ்கூட்டரில் ஓட்டினால்? லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஐந்து லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 500 ரூபாய். அதுவும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, என்ஜின் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும் சின்ன ஓட்டத்தில் மைலேஜ் இன்னும் குறையும்.

ஆக, வண்டிக்காரருக்கு மாதம் 440 ரூபாய் மிச்சம். ஓனருக்கு ஆகும் செலவு 60 ரூபாய். அதையும் குடித்தனக்காரரே கொடுத்துவிடத் தயார். பிறகு எதற்கு மல்லுக்கட்டு?

ஓனர் பயம் என்ன?

ஓனர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப் போக ரேட் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அட்டவணையே மாறி, பில் 'எகிறி' விடும்.

480 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்காரருக்கு, "இன்னொரு வண்டி வந்து நம்மைத் தள்ளிவிடுமோ" என்ற பயம் வருவது இயற்கை. இரண்டு மாதத்துக்கு 14, 15 யூனிட் என்பது சின்ன எண்தான். ஆனால் விளிம்பில் நிற்பவருக்கு அதுவே பெரிசு.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருப்பது பொது மீட்டர். மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் எல்லோரும் சேர்ந்து பணம் கட்டுகிறார்கள். "அவர் வண்டி ஓட நாங்க ஏன் பணம் கட்டணும்?" என்று மூன்றாவது மாடிக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சப்-மீட்டர்!

வண்டி நிற்கும் இடத்தில் பூட்டு போட்ட ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒரு பிளக், ஒரு சப்-மீட்டர். மாதக் கடைசியில் எத்தனை யூனிட் என்று பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் வாய் திறக்க வேலை இல்லை.

சட்டம் குறுக்கே நிற்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம். வண்டிக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே விளக்கம் சொல்லிவிட்டது.

உயிரோடு விளையாட்டு!

பிளக் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? அங்கேதான் ஆபத்து!

முதல் மாடி ஜன்னலில் இருந்து ஒரு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் கீழே தொங்கும். நடுவில் ஒரு ஒட்டு, அதன் மேல் இன்சுலேஷன் டேப். மழை வந்தால் ஒரு பிளாஸ்டிக் பை மூடாக்கு. இந்தக் காட்சியைச் சந்துக்குச் சந்து பார்க்கலாம்.

ஸ்கூட்டர் சார்ஜர் இழுக்கும் கரண்டு ஏறக்குறைய ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுதான். ஆனால் இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும். சார்ஜர் நாலு, ஐந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பழைய ஒயரும் தளர்ந்த பிளக்கும் அதுவரை தாங்காது. சூடேறும். உருகும்.

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில் நடந்ததை மறக்க முடியுமா? இரவில் வீட்டில் சார்ஜ் போட்டு வைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகை சூழ்ந்து, தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். வண்டி நின்றது வீட்டு வாசலில். தப்பிக்க வழி இல்லாமல் போயிற்று.

அந்த ஆண்டு நாட்டின் பல ஊர்களில் வண்டிகள் பற்றி எரிந்தன. அதற்குப் பிறகு பேட்டரி சோதனை விதிகளை மத்திய அரசு இறுக்கியது. புது விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. ஒரு செல்லில் பிறக்கும் சூடு அடுத்த செல்லுக்குத் தாவுகிறதா என்ற சோதனையும் அதில் உண்டு.

ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று அதற்கு முந்திய பழைய வண்டியை வாங்குகிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். பேட்டரியை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்து ஒட்டுப்போடுவது கூடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்!

இங்கேதான் சின்ன ஓட்டக்காரருக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

"தினம் ராத்திரி போன் மாதிரி சார்ஜ் போட்டாகணும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை!

தினம் 8 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இரண்டு யூனிட் பேட்டரியே வாரம் முழுக்க வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், கண் எதிரே வைத்து சார்ஜ் போட்டால் போதும். சாம்பார் கொதிப்பதற்குள் பாதி ஏறிவிடும். சாப்பாடு முடிந்து ஒரு தூக்கம் போடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போட வேண்டிய அவசியமே இல்லை.

வாரத்துக்கு ஒரு தடவை என்றால் ஓனரிடம் கேட்பதும் சுலபம். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் மட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கல் மனசும் கரையும்.

பெரிசு எல்லாம் பெரிசா?

கடைக்குள் நுழைந்ததும் பேச்சு இப்படித்தான் போகும்.

"தம்பி, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?"

"நூத்தம்பது ஓடும் சார்!"

வாங்குகிறவர் வாயைப் பிளந்துவிடுவார். தினம் எட்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நூற்றைம்பது எதற்கு? வண்டி விலையில் பெரும் பங்கு பேட்டரிக்குத்தான் போகிறது. ஓடாத தூரத்துக்குக் காசு கொடுப்பது, ஒரு ஆளுக்கு ஒரு அண்டா சோறு வடிக்கிற மாதிரி!

இன்னொன்று. கம்பெனி சொல்லும் தூரம் சோதனைச் சாலைக் கணக்கு. பின்னால் ஒரு ஆள், முன்னால் ஒரு மூட்டை, வழியெல்லாம் பிரேக் என்றால் 100 என்பது 70, 75 ஆகிவிடும். அதை மனசில் வைத்தே வாங்க வேண்டும்.

விலையில் பெட்ரோல் வண்டியை விட 20,000 ரூபாய் கூடுதல் கொடுத்தால், மாதம் 440 ரூபாய் மிச்சத்தில் அதை எடுக்க ஏறக்குறைய நாலு வருஷம். சின்ன பேட்டரி வண்டி வாங்கி வித்தியாசத்தை 5,000 ரூபாய்க்குக் குறைத்தால் ஒரே வருஷம்!

மானியமும் தேய்பிறை ஆகிவிட்டது. 2021 ஜூனில் பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். 2023 ஜூனில் அது 10,000 ஆயிற்று. 2024 ஏப்ரலில் 5,000. 2025 ஏப்ரலில் 2,500. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டில் இருந்தே 5 சதவீதம்தான் என்பது ஒரு ஆறுதல்.

சாலை வரி விலக்கு, மானியம் இரண்டையும் வாங்கும் அன்றைய நிலவரப்படி ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஓடி ஓடி சம்பாதிப்பவருக்குக் கணக்கு வேறு. சாப்பாடு, பார்சல் கொண்டு போகிற தம்பிகளுக்கு ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் சர்வ சாதாரணம். அவர்களுக்குப் பெட்ரோல் மிச்சமே ஒரு சம்பளம். இவர்களில் 2,000 பேருக்குப் புது மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-ம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இவர்களுக்குப் பெரிய பேட்டரி வேண்டும்; தினம் சார்ஜும் வேண்டும்.

பிளக்கே இல்லையா? சைக்கிள் இருக்கு!

எந்த ஓனரும் மசியவில்லை, மாடிப்படி ஏறித்தான் வீடு என்பவர்களுக்கு மின்சார சைக்கிள் கைகொடுக்கும்.

250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்றால் அதற்கு லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பேட்டரி இரண்டு, மூன்று கிலோதான். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறலாம். பேட்டரி தீர்ந்தாலும் மிதித்தே வீடு வந்து சேரலாம். சென்னை சமதள ஊர். பரங்கிமலையில் ஏறினால்தான் மேடு!

ஸ்கூட்டரிலும் கழற்றும் பேட்டரி உள்ள ரகங்கள் உண்டு. ஆனால் அது பத்து கிலோவை ஒட்டிய கனம். முழங்கால் வலிக்காரர் யோசிக்க வேண்டும். சைக்கிள் பேட்டரியோ ஸ்கூட்டர் பேட்டரியோ, எதையும் கட்டிலுக்கு அடியிலும் வாசற்படியை மறித்தும் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

சில பையன்கள் லைசென்ஸ் வேண்டாத வண்டியை வாங்கி, மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடும். விபத்து நடந்தால் கோர்ட் படி ஏற வேண்டியது ஓட்டியவர்தான். சத்தம் இல்லாமல் வரும் வண்டி என்பதால், தெருவில் நடக்கும் பெரியவர்களுக்கு அது வருவதே தெரியாது. சந்து முனையில் மணியோ ஹாரனோ ஒரு தடவை அடிப்பது தர்மம்.

வாங்கும் முன்...

* தினம் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் கால்தான் சிறந்த வண்டி!

* அட்வான்ஸ் கட்டும் முன் ஓனரிடமும் சங்கத்திலும் பேசி முடியுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

* எர்த் இணைப்புள்ள கனமான பிளக்கை எலக்ட்ரீசியனை வைத்துப் போடுங்கள். கரண்டு கசிந்தால் தானே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் அவசியம்.

* கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் வேண்டாம்.

* வெள்ளத்தில் நின்ற வண்டியைத் துடைத்துவிட்டு உடனே சார்ஜ் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் காட்டிய பிறகே பிளக்.

* பேட்டரிக்கு எத்தனை வருஷம் கியாரண்டி, மாற்றினால் என்ன விலை என்பதை பில்லோடு எழுதி வாங்குங்கள்.

ஊருக்கே வண்டி, வாசலுக்கு பிளக் இல்லை!

1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது பால்காரரும் பூக்காரரும் அதில் ஏறிக்கொண்டார்கள். இன்று அதே ஓசூரில் டி.வி.எஸ்.சும் ஏத்தரும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா. 2008-ல் கோவையில் தொடங்கிய ஆம்பியருக்கு ராணிப்பேட்டையில் ஆலை. இந்தியா முழுக்க ஓடும் வண்டிகளைத் தமிழ்நாடு செய்து அனுப்புகிறது.

சொந்த வீட்டுக்காரருக்குத் தாழ்வாரத்திலேயே பிளக் இருக்கிறது. அவருக்கு மாதம் 440 ரூபாய் மிச்சம். வாடகை கொடுத்துக் காலம் தள்ளும் குமாஸ்தாவுக்குத்தான் அந்த 440 ரூபாய் ரொம்ப அவசியம். அவருக்கு மட்டும் பிளக் இல்லை!

ஒரு சப்-மீட்டர், ஒரு பிளக், ஒரு பூட்டு. ஒரு தடவை போட்டால் பல வருஷத்துக்கு ஆச்சு. வீட்டுக்காரர்கள் கொஞ்சம் மனசு வைத்தால், ஜன்னலில் தொங்கும் ஒயரை நாளைக்கே சுருட்டி உள்ளே வைத்துவிடலாம்.