உயிருள்ள பாம்பின் விலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் வடநெம்மேலி. அங்குள்ள முதலைப் பண்ணைக்குப் போகிறவர்கள், வளாகத்துக்குள்ளேயே இருக்கும், பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளரின் கூட்டுறவுச் சங்கத்துப் பாம்புக் கூடத்தையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. தாழ்வான பள்ளம் போன்ற இடம் அது. சுற்றிலும் நின்று கீழே பார்க்கலாம். மணல் தரையில் வரிசை வரிசையாக மண்பானைகள். ஒவ்வொரு பானையின் வாயையும் பருத்தித் துணியால் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். துணி வழியே காற்று போகும். பானைக்குள் பாதி மணல். மணலின் மேல் ஒரு பாம்பு.

இருளர் ஒருவர் கயிற்றை அவிழ்த்து, வளைந்த கம்பியால் கண்ணாடி விரியனை வெளியே எடுக்கிறார். அது சீறுகிற சத்தம் மேலே நிற்பவர்களுக்கும் கேட்கிறது. குழந்தைகள் ஓர் அடி பின்வாங்குகின்றன. அவர் அவசரப்படுவதில்லை. தலையைக் கம்பியால் மெல்ல அழுத்தி, பின்னங்கழுத்தை விரல்களால் பற்றித் தூக்குகிறார். வாயில் மெல்லிய தோல் போன்ற மூடி கட்டிய கண்ணாடிக் குவளையை நீட்டுகிறார். பாம்பு கடிக்கிறது. பற்கள் மூடியைத் துளைத்து உள்ளே இறங்க, கண்ணாடியின் உட்புறத்தில் மஞ்சள் நிறத் துளிகள் வழிகின்றன. அவ்வளவுதான். பாம்பு மறுபடியும் பானைக்குள் போகிறது, துணி மூடிக்கொள்கிறது.

வாரம் ஒருமுறை என்ற கணக்கில் நான்கு முறை இப்படி நஞ்சு எடுப்பார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் கழிந்ததும் பாம்பைக் காட்டிலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுகிறார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி கையில் அகப்பட்டால், அடையாளத்தைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி.

பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றதும் நமக்கு வேலியும் காவலரும் தடைச் சட்டமும்தான் நினைவுக்கு வருகின்றன. மனிதரை வெளியே நிறுத்தினால் இயற்கை பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வடநெம்மேலியின் மண்பானைகள் வேறொன்றைச் சொல்கின்றன. அதைப் புரிந்துகொள்ள ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

அன்று இதே இருளர்கள் இதே பாம்புகளைத் தோலுக்காகப் பிடித்தார்கள். இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பாம்புத் தோல்கள் கப்பலேறின. ஐரோப்பாவில் அவை கைப்பையாகவும் காலணியாகவும் ஆயின. தோலை உரித்துக் கொடுத்த இருளருக்குக் கிடைத்தது சில ரூபாய்கள் மட்டுமே. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தடை சரியானதுதான். அது வராமல் இருந்திருந்தால் நம் வயல்களில் சாரைப்பாம்பைக் காண்பதே அரிதாகியிருக்கும். ஆனால் ஒரே நாளில் ஒரு சமூகத்தின் பிழைப்பு குற்றமாகிப் போனது. நிலம் இல்லை, படிப்பு இல்லை, கையில் இருந்த ஒரே தொழிலும் போயிற்று. பசித்த மனிதன் சட்டத்துக்குப் பயந்து எத்தனை நாள் சும்மா இருப்பான்?

அப்போதுதான் ரோமுலஸ் விட்டேக்கர் வேறொரு வழியைக் கண்டார். சென்னைப் பாம்புப் பண்ணையையும், பிறகு முதலைப் பண்ணையையும் தொடங்கியவர் அவர். பாம்புகளைப் பற்றித் தாம் கற்றதில் பெரும்பகுதி இருளர்களிடம் கற்றதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். தோலுக்குப் பதில் நஞ்சை விற்கலாம், தோல் எடுத்தால் பாம்பு சாகும், நஞ்சு எடுத்தால் சாகாது என்பதே அவர் யோசனை. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. இன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், பெண்களும் அதில் உண்டு. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படும் நஞ்சில் மிகப் பெரிய பங்கு இங்கிருந்துதான் போகிறது. ஏறத்தாழ 80 விழுக்காடு என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த நஞ்சு மருந்தாகும் விதம் எளிமையாகச் சொல்லக்கூடியதே. எடுத்த நஞ்சை உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்குவார்கள். மருந்து நிறுவனங்கள் அதைக் கரைத்து, மிகக் குறைந்த அளவில் குதிரைகளுக்கு ஊசியாகப் போடும். அளவு சிறிது சிறிதாகக் கூடும். குதிரையின் உடல் அந்த நஞ்சை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்கிக்கொள்ளும். குதிரையின் ரத்தத்திலிருந்து அந்தப் புரதங்களைப் பிரித்துச் சுத்திகரித்துக் குப்பியில் அடைத்தால் அதுதான் நஞ்சுமுறி மருந்து. இந்தியாவில் கிடைப்பது நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மருந்து: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு நஞ்சை முறிக்க வேண்டும் என்பது தர அளவு. ஒரு குப்பியில் 10 மில்லி இருக்கும், ஆக 6 மில்லிகிராம். கடிபட்டு வருபவருக்கு மருத்துவர் முதலிலேயே எட்டு முதல் பத்துக் குப்பி வரை ஏற்றுவது இதனால்தான். ஓர் உயிருக்கே இவ்வளவு என்றால் நாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். சுருட்டை விரியனோ கையளவுப் பாம்பு, ஒரு முறைக்குச் சில மில்லிகிராம்தான் தரும். ஒரு கிராம் பொடி சேர நூற்றுக்கணக்கான கடிகள் வேண்டும். அத்தனை பாம்புகளும் காட்டிலும் வயல் வரப்பிலும் உயிரோடு இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். பாம்பு அருகிப் போனால் இருளருக்குக் கூலி இல்லை, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்தும் இல்லை. ஓர் உயிரினத்தின் நலனும் ஒரு குடும்பத்தின் அடுப்பும் ஊரின் ஆரோக்கியமும் இப்படி ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன.

இந்த முடிச்சைப் போட்டுவைத்திருப்பது இருளரின் அறிவு. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இருளரும் அறிவார்கள். காய்ந்த மண்ணில் நமக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அவர்களுக்கு ஒரு தடம் தெரியும். எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, எத்தனை நேரம் ஆனது என்பதைத் தடத்தைக் கொண்டே மதிப்பிடுவார்கள். உரித்துப்போட்ட சட்டையின் ஒரு துண்டு, எச்சம், வளை வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும் விதம் எல்லாம் அவர்களுக்குச் சாட்சி. அதன்பிறகுதான் கடப்பாரை மண்ணில் இறங்கும். வளையின் போக்கு தெரிந்து, பாம்பின் மேல் படாமல் தோண்டுவதற்குச் சிறு வயதிலிருந்தே அப்பாவோடும் தாத்தாவோடும் நடந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகி உள்ளூர் உயிரினங்களை விழுங்கித் தீர்த்தபோது, 2017இல் அங்குள்ள பல்கலைக்கழகம் அழைத்தது இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். போன எட்டே நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள், அதில் ஒன்று பதினாறு அடி. இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எலிக்கும் அவர்களே எமன். அறுவடை முடிந்த வயலில் எலி வளையைக் கண்டுபிடித்து, மண்சட்டியில் வைக்கோலைப் புகைத்து வாயால் ஊதுவார்கள். எலியும் கிடைக்கும், வளைக்குள் அது சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். பாம்பும் அதே வேலையைத்தான் கூலி கேட்காமல் செய்கிறது. இருவரையும் வயலிலிருந்து விரட்டிவிட்டு அந்த இடத்தில் எலி மருந்தை வைத்தோம். அந்த நஞ்சு எலியோடு நிற்பதில்லை, எலியைத் தின்னும் ஆந்தைக்கும் போகிறது.

நமக்கும் பாம்புக்கும் உள்ள உறவு விசித்திரமானது. ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றுகிறோம். பாம்பு பால் குடிக்காது. மறுநாள் வீட்டுத் திண்ணையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு தெரிந்தால் தெருவே கம்போடு வந்து நிற்கிறது. இருளர்களும் பாம்போடு தொடர்புடைய கன்னியம்மாளைக் கும்பிடுகிறவர்கள்தான். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலிலே பூசை செய்து, கல்யாணப் பேச்சும் பேசுகிறவர்கள். ஆனால் அவர்களுக்குப் பாம்பு என்றால் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரியும். தெரிந்த பயம் வேறு, தெரியாத பயம் வேறு.

இவ்வளவு இருந்தும் நாட்டில் பாம்புக்கடிச் சாவு குறையவில்லை. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் இறந்திருப்பதாக 2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலி அதிகம் தெரியாது, விடியும்போது கண்ணிமை தொங்கியிருக்கும், மூச்சு திணறும். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை போய்விடும். அதைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் அறிவியல் சங்கடமான ஒரு கேள்வியை எழுப்புகிறது. மேற்சொன்ன சாவுகளில் பெரும்பகுதி பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில். நஞ்சோ பெரும்பாலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துப் பாம்புகளிடமிருந்து. ஒரே இனப் பாம்பானாலும் அது வாழும் நிலம், தின்னும் இரை, பரம்பரை மாறும்போது நஞ்சின் சேர்க்கையும் மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறது. தமிழகக் கடற்கரைப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து நாட்டின் வேறு சில பகுதிப் பாம்புகளிடம் போதிய அளவு எடுபடவில்லை என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். பல்லுயிர் என்பது எத்தனை வகைப் பாம்பு என்ற எண்ணிக்கை மட்டும் இல்லை. ஒரே பாம்புக்குள் இருக்கும் இந்த வட்டார வேறுபாடும் பல்லுயிர்தான். அதைக் கணக்கில் எடுக்காத மருந்து பாதி மருந்து.

ஆகவே வட்டாரத்துக்கு வட்டாரம் நஞ்சு சேகரிப்பு மையங்கள் வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். காட்டில் பிடித்து, நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விடும் முறையை உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகளும் பரிந்துரைப்பதில்லை. பாம்பை நிரந்தரமாகப் பராமரித்து, அது எங்கே பிடிபட்டது, என்ன தின்றது, எப்போது நஞ்சு தந்தது என்று பதிவேடு வைத்து எடுப்பதே முறை என்கின்றன. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. எனக்குள்ள கவலை அந்த மையங்களில் யார் வேலை பார்ப்பார்கள் என்பதுதான். பட்டம் பெற்றவர்களை மட்டும் அமர்த்தி, பாம்பை நன்கு அறிந்தவர்களை வாசலில் நிறுத்தினால் 1976இல் செய்த தவற்றையே மறுபடி செய்வோம். அன்று பாம்பைக் காப்பாற்றி மனிதரை மறந்தோம்.

இப்போதும் நிலைமை ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. இருளருக்குப் பாம்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு ஆண்டுதோறும் வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி தாமதமான ஆண்டுகளில் பானைகள் காலியாகக் கிடந்திருக்கின்றன, உறுப்பினர்கள் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போயிருக்கிறார்கள். நஞ்சு மருந்தாகி, மருந்து காசாகி, காசு பல கை மாறும்போது, முதலில் வளையில் கைவிட்டவனுக்கு வருவது கடைசித் துளி. அரசு இருளரை மிகவும் நலிவுற்ற பழங்குடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாட்டுக்கே உயிர் மருந்தின் மூலப்பொருளைத் தரும் சமூகம் அந்தப் பட்டியலில் இருப்பது நமக்கெல்லாம் தலைகுனிவு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், உயிர்வளத்தையும் அது பற்றிய மரபறிவையும் வைத்து ஈட்டும் பலனில் அந்த மக்களுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்கிறது. அந்த வரி வடநெம்மேலிக்கும் பொருந்த வேண்டும்.

தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. இனி எந்த ஊரில், எந்தப் பாம்பு, எத்தனை பேரைக் கடித்தது என்பது ஏட்டில் ஏறும். 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசும் திட்டம் வகுத்திருக்கிறது. நல்ல தொடக்கம்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டுக்குள் பாம்பு வந்தால் கம்பை எடுக்காதீர்கள். தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். இரவில் வெளியே போனால் கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும். தரையில் படுக்கும் குடும்பங்களில் கொசுவலையை விரித்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியனும் உள்ளே வராது. யாரையாவது கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீறி வாயால் உறிஞ்ச வேண்டாம், மந்திரிக்கிறவரைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே மருந்து இலவசம்.