இரு காதில் இரு சொல்: மூளை எதைப் பிடிக்கும்?

கேமரன் மலையில் பிற்பகல் மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால், வகுப்பில் ஆசிரியரின் குரல் பாதி அமுங்கிவிடும். பக்கத்தில் இருவர் பேசினால் இன்னும் சிரமம். அப்போதும் பலர் பாடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சிலருக்கு அது நழுவிவிடும். அவர்களை 'கவனமில்லாதவர்' என்று சொல்லிவிடுகிறோம். அது சரியா?

மாணவர்களே, செவிப்பறை அதிர்வதையும், காக்லியா அந்த அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுவதையும் நீங்கள் அறிவீர்கள். ஆனால் கேட்டல் அங்கே முடிவதில்லை. கலந்து வரும் குரல்களில் தேவையானதைப் பிரித்தெடுப்பது மூளையின் வேலை.

1961-இல் கனடாவின் மொன்றியால் நகரில் டோரின் கிமுரா ஒரு சோதனையை வெளியிட்டார். ஹெட்போன் வழியாக இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்கள் ஒலித்தன. வலக் காதில் விழுந்த எண்களே அதிகம் சரியாகச் சொல்லப்பட்டன. பெரும்பாலோருக்கு மொழியைக் கையாள்வது மூளையின் இடப் பாதி. வலக் காதின் செய்தி அங்கே நேராகச் செல்கிறது. இடக் காதின் செய்தியோ வலப் பாதிக்குப் போய், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டையைக் கடந்து வர வேண்டும்.

பின்னர் நார்வேயில் கென்னத் ஹூக்டால் குழுவினர் எண்களுக்குப் பதிலாக ஓரசை ஒலிகளைப் பயன்படுத்தி, 'இடக் காதை மட்டும் கவனி' என்றும் கேட்டார்கள். இது மூளைக்குக் கடினமான வேலை. வளர வளரப் பிள்ளைகள் இதில் தேறுகிறார்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இப்படிக் கவனத்தைத் திருப்புவது கடினமாக இருப்பதை ஆய்வுகள் காட்டின. எல்லாருக்கும் ஒரே அளவில் அல்ல.

ஒலி வேறுபாடுகள் எவ்வளவு நுண்மையானவை! மலாயில் 'காலை' என்பதற்கும் 'கொடு' என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாகி'தான். உதடு திறக்குமுன்பே குரல்நாண் அதிர்கிறதா என்பதே வேறுபாடு. இரைச்சலில் இத்தகைய நுட்பங்கள் மறைந்துபோகலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் கேட்கும் தோட்டப் பிள்ளைக்கு இரைச்சல் இரட்டைச் சுமை. இரண்டாம் மொழியை இரைச்சலில் கேட்பது எவருக்கும் கடினம். அதை மட்டும் வைத்துக் கற்றல் சிரமம் என்று முடிவு கட்டக் கூடாது.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் ஆசிரியரின் மைக்கிலிருந்து குரல் நேரே காதுக்கு வரும் கருவியை டிஸ்லெக்சியா உள்ள மாணவர்கள் ஓராண்டு வகுப்பில் அணிந்தார்கள். பேச்சொலிக்கு அவர்களது மூளை காட்டிய துலங்கல் சீரானது, வாசிப்பும் மேம்பட்டது.

கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. முன்வரிசை இடம், மழை நேரத்தில் கரும்பலகையில் எழுத்து, முகம் பார்த்துத் தெளிவாக மீண்டும் ஒருமுறை சொல்வது, முதலில் ஒரு செவிப் பரிசோதனை. பக்கத்து நண்பர் "என்ன சொன்னார்?" என்று கேட்டால் சிரிக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் மூளை உங்களைவிட அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கலாம்.