அணைய மறுக்கும் கணினி

விளக்கின் ஸ்விச்சைத் தட்டினால் விளக்கு உடனே அணைகிறது. மின்விசிறி நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. கணினி மாத்திரம் அப்படியல்ல. "ஷட் டவுன்" என்று கட்டளையிட்ட பின்னும், திரையில் சிறு புள்ளிகள் வட்டமாகச் சுழன்றுகொண்டிருக்க, கால் மணியாயினும் அரை மணியாயினும் அது அசையாமல் நிற்பதை நம்மவர் இல்லங்கள் பலவற்றில் காண்கிறோம். மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட வேண்டும். வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுவரிலுள்ள ஸ்விச்சை அணைத்துவிட்டுப் படுக்கச் செல்கிறார். மடிக்கணினியானால் பொத்தானை அழுத்திப் பிடித்து அதன் மூச்சை நிறுத்துகிறார். மறுநாள் காலையில் அது வழக்கம்போல் விழித்துக்கொள்ளவே, இதுவே சரியான வைத்தியம் என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது.

இந்த வைத்தியம் நூறு முறை பலிக்கலாம். பலிக்காத ஒரு முறையில் எவை போகும் என்பதை மதராசி கேம்ப்பிலிருந்து வந்த குடும்பங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் பல்லாண்டுகளாக இருந்த அந்தத் தமிழ்க் குடியிருப்பு, டில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 வீடுகளில் 189 வீட்டாரே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவர் என்று கணக்கிடப்பட்டது. 2015 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அவ்விடத்தில் வாழ்ந்ததை ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டும் என்பது விதி. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, மின்கட்டணச் சீட்டு என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வீட்டின் விலை இருந்தது. அக்காகிதங்களின் பிரதிகளும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும், பரீட்சைக்கென எழுதி வைத்த பாடக் குறிப்புகளும் இன்று எங்கே இருக்கின்றன? டிரங்குப் பெட்டியில் பாதி. வீட்டிலுள்ள பழைய கணினியில் பாதி. ஆகையால் அந்தக் கணினி ஒழுங்காக அணைகிறதா என்பதை வெறும் யந்திரக் கோளாறு என்று தள்ளிவிடுவதற்கில்லை.

அணைவதற்கு ஏன் இத்தனை நேரம்? நம் ஊர் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுதும் கடைக்காரர் வரவு செலவைச் சிட்டையில் குறித்துக்கொண்டே வருகிறார். கடையடைக்கும் நேரத்தில்தான் அவற்றைப் பேரேட்டில் ஏற்றுகிறார், கல்லாவை எண்ணுகிறார், பையனை அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார். கணினியிலும் இவ்விரண்டு ஏடுகள் உண்டு. நாம் தட்டச்சு செய்வதும் திறந்து வைப்பதும் முதலில் நினைவகத்தில் தங்குகின்றன. இது வேகமானது, ஆனால் மின்சாரம் நின்ற கணத்தில் அதிலுள்ளவை யாவும் மறைந்துபோகும். நிலையாக இருப்பது வட்டு. நாம் "சேமி" என்று சொன்னவற்றைக்கூடக் கணினி அந்த நொடியிலேயே வட்டில் எழுதி முடிப்பதில்லை. சிறிது தாமதித்து, பலவற்றைச் சேர்த்து எழுதுகிறது. "ஷட் டவுன்" என்ற கட்டளை வந்ததும் அது திறந்திருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மூடச் சொல்கிறது. மறைவில் ஓடும் சேவைகளை நிறுத்துகிறது. எழுதாமல் நின்றவற்றை வட்டில் எழுதி முடிக்கிறது. கடைசியில்தான் மின்சாரத்தை நிறுத்தும்படி தாய்ப்பலகைக்குச் சொல்கிறது. ஸ்விச்சைத் தட்டுகிறவர், கடைக்காரர் பேரேட்டில் பாதி வரி எழுதியிருக்கும்போது விளக்கை அணைத்துவிடுகிறார். இக்காலத்து விண்டோஸ், அரைகுறையாக நின்ற எழுத்தை மறுநாள் சரி செய்துகொள்ளத் தனியே ஒரு குறிப்பு வைத்திருப்பது உண்மையே. எனினும் அது வட்டின் கட்டமைப்பைக் காக்குமேயன்றி, எழுதப்படாத உங்கள் பக்கத்தைத் திருப்பித் தராது.

ஒரு காலத்தில் கணினிகள் தாமாக அணைந்ததே இல்லை. விண்டோஸ் 95 இருந்த பல வீடுகளில், வேலையெல்லாம் முடிந்தபின் கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்துகளில், "இனி அணைக்கலாம்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் தோன்றும். நாமே கையால் ஸ்விச்சை அணைக்க வேண்டும். அதே 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் தாய்ப்பலகை அமைப்பு பரவிய பிறகு முன்புறப் பொத்தான் உண்மையான ஸ்விச்சாக இல்லாமற் போயிற்று. அது ஒரு விண்ணப்பம் மாத்திரமே. ஏற்பதும் ஏற்காததும் மென்பொருளின் கையில். 1996இல் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து இதற்கான பொது விதிகளை வகுத்தன. மென்பொருளும் வன்பொருளும் ஒத்துப் பேசினாலொழிய அணைதல் நிறைவேறாது என்ற நிலை அதுமுதல் ஏற்பட்டது. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு அணையும்போது தொங்கி நிற்கிறது என்று உலகெங்கும் முறையீடு எழுந்து, மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கென்றே தனித் திருத்தம் ஒன்றை வெளியிட நேர்ந்தது. ஆகவே உங்கள் வீட்டுக் கணினி அணைய மறுத்தால், பிள்ளைகள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். இந்தப் பிணி அவர்களைவிட வயதில் மூத்தது.

முதலில் திரையை உற்றுப் பார்ப்போம். "புதுப்பித்தல் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் அது பிணியே அன்று. கணினி தன் சொந்தக் கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறது. பழைய யந்திரத்தில் இது ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகக்கூடும். அவ்வேளையில் மின்சாரத்தைத் துண்டிப்பதைவிடக் கேடான செயல் இல்லை. மறுநாள் விண்டோஸ் எழாமலே போகலாம். மடிக்கணினியை மின்னேற்றியில் செருகிவிட்டு நிம்மதியாக உறங்கலாம்.

ஒரு செயலி தடுக்கிறது என்று சொல்லி அதன் பெயரையும் திரையில் காட்டினால், "கேன்சல்" கொடுத்துத் திரும்பிச் சென்று, அச்செயலியில் உள்ளதைச் சேமித்து மூடிவிட்டு மறுபடியும் அணைக்க வேண்டும். "ஷட் டவுன் எனிவே" என்ற பொத்தான் சேமிக்காததைக் கேளாமலே எறிந்துவிடும்.

பெயர் எதுவும் சொல்லாமல் புள்ளிகள் மாத்திரம் சுழல்வதே பெரும்பாலோர் காணும் காட்சி. வட்டின் சிறு விளக்கு மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் எழுத்து வேலை நடக்கிறது. பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். அது மினுங்காமல் அரை மணி கடந்தால் மாத்திரமே பொத்தானைப் பத்து விநாடி போல அழுத்திப் பிடித்து அணைக்கலாம். இது கடைசி வழி. தினசரி வழக்கமாகிவிடக் கூடாது. மறுநாள் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் "ஸ்டார்ட்அப்" என்ற பகுதியில், கணினி எழும்போதே தாமும் எழுந்து உட்காரும் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. வேண்டாதவற்றை நிறுத்திவிடலாம். ஒரே கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்களைப் போட்டு வைத்திருப்பவர் ஒன்றை நீக்க வேண்டும். ஒரே வாசலில் நிறுத்திய இரண்டு காவற்காரர் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டு யாரையும் வெளியே விடுவதில்லை.

இனி அதிகம் பேர் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், "ஷட் டவுன்" என்பது முழுமையான அணைப்பாக இருப்பதில்லை. "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்னும் ஏற்பாட்டின்படி கணினி தன் மையப் பகுதியின் நிலையை அப்படியே வட்டில் பதித்து வைத்துக்கொண்டு அணைகிறது; காலையில் அதையே எடுத்து விரித்துச் சீக்கிரம் எழுகிறது. டாஸ்க் மானேஜரில் "பெர்ஃபார்மன்ஸ்" பகுதியில் "அப் டைம்" என்றிருப்பதைப் பாருங்கள். தினமும் இரவில் அணைத்த கணினி, தான் ஒன்பது நாளாக இடைவிடாது விழித்திருப்பதாகக் கணக்குக் காட்டும்! நேற்றைய சிக்கலும் இதனால் இன்றைக்குத் தொடர்ந்து வருகிறது. திரை இருண்டும் விசிறி ஓடிக்கொண்டே இருப்பதும், விளக்கு எரிந்துகொண்டே இருப்பதும் பழைய கணினிகளில் அநேகமாக இந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வருவனவே.

நேரு பிளேஸில் அலுவலகங்கள் கழித்த கணினியை வாங்கி, அது பிறந்தபோது இல்லாத புதிய விண்டோஸை அதில் ஏற்றியிருப்பவர் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். கன்ட்ரோல் பேனலில் "பவர் ஆப்ஷன்ஸ்", அதில் "சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ" என்ற வரி, அதற்குள் இப்போது மாற்ற இயலாதவற்றை மாற்றுவதற்கென இருக்கும் நீல நிற வரி ஆகியவற்றை முறையே திறந்தால், கீழே "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒரு கட்டம் தெரியும். அதிலுள்ள குறியை நீக்கிச் சேமிக்க வேண்டும். காலையில் எழுவதற்குச் சில விநாடி கூடுதலாகும், அவ்வளவே நஷ்டம். எமது அபிப்பிராயத்தில், பழைய கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்துவிடுவது நல்லது. அதுவரை, ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே "ஷட் டவுன்" கொடுத்தால் அந்த ஒரு முறை முழுமையாக அணையும். மூடியைச் சாய்த்துவிட்டுப் பையில் வைக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: மூடி சாய்ந்த கணினி பெரும்பாலும் தூங்குகிறதேயன்றி அணையவில்லை. பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதித்தாலும் கொதிக்கும்.

அணைந்த கணினி உடனே தானாக எழுந்துகொண்டால் காரணம் வேறு. அணையும் தருவாயில் ஏதோ பிழை நேர்ந்து, அதைக் கண்டதும் மறுபடி எழுமாறு விண்டோஸுக்கு விதித்திருக்கிறது. சிஸ்டம் அமைப்பில் "அட்வான்ஸ்ட்", அதில் "ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி" என்ற இடத்தில் "ஆட்டோமாட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதை நீக்கிவிட்டால், பிழை நேரும்போது நீலத் திரையில் அதன் பெயர் நிற்கும். அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. அச்சு யந்திரம், இணைய டாங்கிள், பென் டிரைவ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அணைத்துப் பார்ப்பதும் பயன் தரும். எதைக் கழற்றியதும் ஒழுங்காக அணைகிறதோ அதுவே குற்றவாளி.

வீடு மாறியவர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். ஜங்புராவிலிருந்து நரேலாவுக்குப் பாத்திரங்களுடனும் கட்டில்களுடனும் டெம்போவில் குலுங்கிச் சென்ற கணினி, அதன் பிறகே அணையத் தயங்குகிறதென்றால் வட்டையும் சந்தேகிக்க வேண்டும். பழைய வட்டுகளுக்குள் தகடு சுழல்கிறது. அதன்மேல் மயிரிழை இடைவெளியில் ஓர் ஊசி மிதக்கிறது. குலுக்கலில் தகட்டின் ஓரிடம் பழுதானால், அங்கே எழுத முயன்று முயன்று கணினி மணிக்கணக்கில் தவிக்கும். கோப்புகள் திறக்கத் தாமதிப்பதும், உள்ளிருந்து "டிக் டிக்" என்ற ஓசை கேட்பதும் இதன் அடையாளங்கள். அப்போது எந்த அமைப்பையும் மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. முதல் வேலையாக ஆவணங்களை வேறோரிடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும். பென் டிரைவில் ஒன்று, உறவினர் கணினியில் ஒன்று, அச்சடித்த காகிதத்தில் ஒன்று என வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவையும் "இஜெக்ட்" கொடுத்த பிறகே பிடுங்க வேண்டும். அதுவும் எழுதி முடிக்கச் சற்று அவகாசம் கேட்கும் பொருளே.

விண்டோஸ் 10க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த வழக்கமான திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. ஆகையால் அதை வைத்திருப்பவர், அடுத்த திருத்தத்தில் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மேற்சொன்ன எதற்கும் கட்டுப்படாத கணினியைக் கடைக்கு எடுத்துச் செல்லத்தான் வேண்டும். அங்கே பத்தில் எட்டுப் பேர் முதலில் சொல்வது "ஃபார்மட் செய்துவிடலாம்" என்பதே. அது வட்டைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அவருக்கு எளிய வேலை. சரி என்று தலையசைக்குமுன், மேசைமேல் வைத்த கணினியை அவர் கண்முன்பே திறந்து, ஆவணங்களும் பிள்ளைகளின் பாடங்களும் உள்ள கோப்புறையைக் காட்டி, அதைப் பென் டிரைவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுத்த பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று அங்கேயே பார்த்த பிறகு கணினியை ஒப்படைக்கலாம்.